ரிஜெக்ட் எழுதிய மக்காச்சோளம்

1. லாரி

மூட்டைக்குள் கையை விட்டேன். மக்காச்சோளம் கதகதவென்று சுட்டது. ஈரத்தோடு நாள்கணக்கில் கட்டிக் கிடந்த தானியம்தான் அப்படிச் சுடும்.

பச்சைத் தேயிலை விலை விழுந்து, குன்னூர்ப் பக்கம் ஃபேக்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டப்பட்ட காலம் அது. எங்கள் முதலாளி டிரையரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மெஷின்களை விற்றார். மாவைச் சூட்டில் பிதுக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் மெஷின் வாங்கிப் போட்டு, அதே கட்டடத்தில் நாய்த் தீவனம் தயாரிக்க ஆரம்பித்தார். பதினாறு வருஷம் அங்கே தேயிலைத் தூளின் ஈரம் பார்த்த என்னை மூலப்பொருள் செக்கிங்கில் உட்கார வைத்தார். மக்காச்சோளம், தவிடு, சோயா, கோழித் தூள், கோழிக் கொழுப்பு எது வந்தாலும் நான் பார்த்துச் சீட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் லாரியிலிருந்து இறக்க வேண்டும்.

அன்றைய லாரி மழையில் நனைந்து வந்தது. தார்ப்பாய் கிழிந்திருந்தது. குத்தூசியால் பத்து மூட்டைகளில் மாதிரி எடுத்தேன். ஆறில் பச்சையும் மஞ்சளுமாகப் பூஞ்சை. மீட்டரில் ஈரம் பத்தொன்பது சதவீதம். எங்கள் வரம்பு பதின்மூன்று. ‘ரிஜெக்ட்’ என்று எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன்.

மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். சீட்டைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏனுங்கம்மா, நாய் திங்கறதுக்கு இத்தனை பார்த்தா எப்படிங்க? டிரையர்ல போட்டா காஞ்சிருமுங்க. எக்ஸ்ட்ரூடர் சூட்டுல பூஞ்சையெல்லாம் செத்துப்போயிரும்.”

“பூஞ்சை சாகும் சார். அது விட்டுட்டுப்போன விஷம் சாகாது. நாயோட ஈரலைக் கெடுத்துரும். சந்தேகம்னா லேபுக்கு அனுப்பிப் பாருங்க.”

“சரிங்க, சரிங்க. லாரியைத் திருப்பிவிட்டுடறேன். நீங்க போங்க.”

நான் போனேன். மறுநாளிலிருந்து நான்கு நாள் லீவு. கூடலூரில் அக்கா மகளுக்குக் கல்யாணம்.

2. பயம் எதுக்குங்க?

திரும்பி வந்தபோது யார்டில் லாரி இல்லை. எக்ஸ்ட்ரூடர் ஓட்டும் செல்வராஜ் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் கொஞ்சம் எடுத்து வைக்கிற அலமாரியில் புதிதாக ஒரு பாட்டில் இருந்தது. திறந்தேன். வறுத்த வாசனைக்கு அடியில் மக்கிய நாற்றம். ரிஜிஸ்டரில் அந்த மக்காச்சோளத்துக்கு நேராக ‘ஓகே’ என்று யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

கத்தினேன். செல்வராஜ்தான் ஓடி வந்தான்.

“அக்கா, மெதுவா பேசுங்க. பூஞ்சையைச் சலிச்சுட்டுத்தான் போட்டோம். இதையும் பூட்டிட்டா நாங்க எங்க போறது? தேயிலை நின்னப்ப ஒரு வருஷம் கேரட் மூட்டை தூக்கினேன். மறுபடியும் என்னால முடியாது.”

மேனேஜர் ரூமுக்குப் போனேன். அவர் நிமிரக்கூட இல்லை.

“அதுல உங்க கையெழுத்து இல்லீங்களே. அப்புறம் உங்களுக்குப் பயம் எதுக்குங்க?”

அந்த நிமிஷமே நான் கடைகடையாகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. செல்வராஜின் முகத்தை நினைத்துக்கொண்டு ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இப்போது நினைத்தாலும் மேனேஜர் மேல் வருகிற அதே கோபம் என் மேலும் வருகிறது.

3. கம்பளியில் வந்த நாய்

பத்தாம் நாள் காலையில் ராமையா அண்ணன் கேட்டில் வந்து நின்றார். பக்கத்து எஸ்டேட் வாட்ச்மேன். சிலோனிலிருந்து வந்த குடும்பம். கம்பளியில் சுற்றித் தன் நாயைத் தோளில் சுமந்து வந்திருந்தார். மற்றொரு கையில் எங்கள் தீவனப் பை.

“தங்கச்சி, நாலு நாளா ஒண்ணும் திங்குதில்ல. வாந்தியா எடுக்குது. கண்ணைப் பாருங்க.”

உதட்டை விலக்கிப் பார்த்தேன். கண், ஈறு எல்லாம் மஞ்சள் பூசியதுபோல இருந்தது. சிறுத்தை நடமாட்டம் உள்ள தொழிலாளர் குடியிருப்பு லயத்துக்கு அந்த ஒரு நாய்தான் காவல். எஸ்டேட்டில்தான் அதற்கு எங்கள் தீவனத்தை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

மேனேஜர் வெளியே வந்து தள்ளி நின்றபடி சொன்னார்: “பாம்பு கடிச்சிருக்குமுங்க பெரியவரே.”

“பாம்பு கடிச்சா நாலு நாள் கெடக்குமா சார்? சிலோன் தோட்டத்துலயே நாய் வளத்தவன் நான்.”

பையைத் திருப்பி பேட்ச் நம்பரைப் பார்த்தேன். அதேதான்.

“பாம்பு இல்லண்ணே. எங்க தீவனம்தான்,” என்றேன்.

மேனேஜர் என்னை உள்ளே வரச் சொல்லிக் கத்தினார். உள்ளே போய் அலமாரியிலிருந்து அந்த பேட்ச் பாட்டிலையும், டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரிலிருந்து கடைகளின் பெயர்களையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அண்ணனோடு நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய், தீவனத்தில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் போட்டதைச் சொன்னேன். அவர் டிரிப் ஏற்றினார். பாட்டிலை லேபுக்கு அனுப்பினார். மறுநாள் மத்தியானம் நாய் செத்துப்போனது.

அன்றே பஸ் ஏறினேன். கோத்தகிரி, ஊட்டி, கூடலூர். மலையாளியான கூடலூர்க் கடைக்காரர் நம்பவில்லை.

“கம்பெனி ஒண்ணும் பறஞ்சில்லையே சேச்சி?”

“கம்பெனி சொல்லாதுங்க. செஞ்சதைக் கண்ணால பார்த்தவ நான் சொல்றேன். மூட்டையை எடுத்து ஓரமா வைங்க. வாங்கிட்டுப் போனவங்க யாருன்னு சொல்லுங்க, நானே போய்ச் சொல்லிக்கறேன்.”

4. ரிப்போர்ட்

லேப் ரிப்போர்ட்டில் பூஞ்சை விஷம் வரம்பைவிடப் பல மடங்கு இருந்தது. அதன் பிறகுதான் அந்த பேட்ச்சைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். அதற்குள் எத்தனை நாய்கள் போயின என்று யாரும் எண்ணவில்லை.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். “நீங்க சொன்னது சரிதாம்மா. வெளியில சொன்னதுதான் தப்பு,” என்றார். எனக்கு வேலை போனது. மேனேஜர் அதே நாற்காலியில் இருந்தார். நான் வாயைத் திறந்தால் நின்றுபோகும் என்று பயந்த ஃபேக்டரி, அதற்குப் பிறகும் வருஷக்கணக்காக ஓடியது. செல்வராஜும் அங்கேயேதான் இருந்தான்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ராமையா அண்ணன் வீட்டுக்குப் போனேன். படித்துச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா தங்கச்சி?”

“தெரியும்ணே. நீங்க வர்றதுக்கு ஒம்பது நாள் முன்னாடியே தெரியும்.”

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். நான் இறங்கி வந்தேன்.

பிறகு வேறொரு மாட்டுத்தீவன மில்லில் பத்து வருஷம் இதே வேலை பார்த்தேன். செக்கிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மூக்கால் பாருங்கள், கையால் பாருங்கள், மீட்டரால் பாருங்கள். சந்தேகம் வந்தால் லேபுக்கு அனுப்புங்கள். சூடு பண்ணினாலும் சலித்தாலும் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ரிஜெக்ட் எழுதினால் மூட்டை மேல் சிவப்பு மையை ஊற்றிவிட்டு, அந்த லாரி கேட்டைத் தாண்டிப் போகிறவரை அங்கேயே நில்லுங்கள். அதையும் மீறி உள்ளே போய்விட்டால், அன்றைக்கே வெளியில் சொல்லுங்கள்.