இடது பக்கத்து மீசை

ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் வராததுமாக எலியம்மா எலிக் கூண்டு கழுவத் தொடங்கினாள். பழைய மரத்தூளைக் கொட்டி, தட்டைத் தேய்த்து, புதுத் தூள் பரப்பினாள். கல்யாணமான புதிதில் எலியைக் கண்டு கட்டில்மேல் ஏறி நின்றவள்தான். "வீட்டு எலியை விரட்டத் துப்பில்ல, ஆராய்ச்சி எலிக்கு மெத்தை விரிக்கிறா" என்று புருஷன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். பக்கவாதம் வந்த அவள் தம்பி வீட்டோடு வந்து தங்கியபின் அந்தச் சிரிப்பு கொஞ்சம் அடங்கியிருந்தது. தம்பியின் இடது கையை மடியில் வைத்தால் வைத்த இடத்திலேயே கிடந்தது.

இந்த எலிகளுக்கும் அதே நோய்தான். வலது மூளையில், ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மா வரவழைத்தது. பிறகு ஊசியில், ஸ்கேனுக்குத் தெரிகிற ஒரு சர்க்கரை ஏற்றுவார்கள். வேலை செய்கிற மூளை அதை இழுத்துக்கொள்ளும். ஸ்கேன் படத்தில் அந்த இடம் மஞ்சளாக ஒளிரும். செத்த இடம் கறுப்பு. ஊசி போட்டபின் எலியை இருட்டுப் பெட்டியில் விட்டுவிட வேண்டும். தொடக்கூடாது. அப்போது மூளை என்ன செய்தாலும் படத்தில் விழுந்துவிடும்.

அன்று காது கிழிந்த எலி பெட்டிக்குள் நடுங்கியது. எலியம்மாவின் கை சும்மா இருக்கவில்லை. கையுறையோடு உள்ளே விட்டு, தம்பியின் கையை நீவிவிடுகிற பழக்கத்தில், அதன் இடது மீசையை வருடிக்கொண்டே இருந்தாள்.

படம் வந்தது. போன வாரம் கரியாகக் கிடந்த வலது மூளையில் கடுகளவு மஞ்சள்.

"செத்த இடம் முழிச்சிருக்கு பாருங்கக்கா" என்று டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

எலியம்மா தன் கையுறையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அந்த மஞ்சள் பொய்யென்றால், தம்பிக்கு எதை நம்பி ஆறுதல் சொல்வது?

"நான் மீசையைத் தடவிட்டேம்மா."

டாக்டரின் முகம் வாடியது. இந்தப் படம் கணக்கில் சேராது, தொடக்கூடாதென்று தலைபாடாக அடித்துக்கொண்டேனே என்று பொரிந்து தள்ளினாள். பாதியில் நின்றாள்.

"எந்தப் பக்கம்?"

"இடது."

இடது மீசையைத் தொட்டால் அதை உணர வேண்டியது வலது மூளை. செத்தது என்று கைகழுவிய இடம்.

"அப்போ அதுக்குச் சொரணை இருக்கலாம்க்கா." டாக்டர் படத்தை மறுபடி குனிந்து பார்த்தாள். மிச்ச எலிகளில் பாதியைத் தடவி, பாதியைத் தடவாமல் படம் எடுத்தால் தெரிந்துவிடும், இன்றைக்கே தொடங்கிவிடலாம் என்றாள். சொல்லும்போதே ஸ்கேன்காரருக்குப் போன் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

எலியம்மா பின்னாலேயே ஓடினாள். "அப்ப எங்க தம்பி கையும் வருமாம்மா?"

"மெஷினை நிறுத்திடாதீங்க சார்" என்று போனில் கெஞ்சியபடியே டாக்டர் அறையை விட்டு வெளியேறினாள்.