அக்கா முகத்துக் கறுப்பு

அச்சு வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் தென்காசியில் எனக்குக் கிடைக்கிற அடுத்த கேள்வி, "கலியாண கார்டு அடிச்சுத் தருவியளா?" என்பதுதான். மாட்டேன் என்றால் கேட்டவர் முகம் சுருங்கிவிடும். பகலில் பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர். மீதி நேரத்தில் வீட்டின் பின்கட்டில், கையால் சுற்றும் ஒரு பிரஸ், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய செம்புத் தகடு, அதோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டு. இந்த அச்சு முறைக்கு மெசோடின்ட் என்று பெயர்; அதைச் சொன்னால், எந்த வியாதிக்கு மருந்து என்று கேட்டவர்களும் உண்டு. எனக்குச் சட்டென்று கோபம் வரும். கோபத்தோடு விளக்கினால் யாருக்குத்தான் புரியும்?

நான் விளக்காமலேயே அதைப் புரிந்துகொண்டவள் என் அக்கா. இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. பிள்ளைகள் இல்லை. போலீஸிலிருந்து ஓய்வு பெற்ற அத்தானும் அவளும் மட்டும். அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று திருநெல்வேலிக்கும் தென்காசிக்குமாக ஒரு வருஷம் அலைந்தார்கள். கடைசியில் டாக்டர், இனிமேல் இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு அலைய வேண்டாம், பிடித்ததைச் சாப்பிடக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அதற்கு என்ன அர்த்தம் என்று அக்காவுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

"சும்மா கெடந்தா கிறுக்குப் பிடிச்சிரும்டி. ஒன் தகட்டக் கொண்டா, நான் கொத்தித் தாரேன்" என்றாள் ஒரு நாள்.

கொத்துவது என்று அவள் சொன்னதுதான் இந்த வேலையின் முதல் பாதி. ராக்கர் என்று ஒரு கருவி. கைக்கு அடக்கமான பிடி, பிறை போல வளைந்த விளிம்பு, விளிம்பு முழுக்கப் பொடிப் பல். அதைத் தகட்டின் மேல் நிறுத்தி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே நகர்த்த வேண்டும். தகட்டைச் சிறிது திருப்பி மறுபடியும். இன்னும் திருப்பி மறுபடியும். செம்பு முழுவதும் பிசிறு எழும்பி, தொட்டால் வெல்வெட் துணிபோல ஆகிவிடும். அந்த நிலையில் மை பூசி அச்செடுத்தால் மொத்தக் காகிதமும் ஒரே கறுப்பு. இரண்டாவது பாதி என்னுடையது. அந்தப் பிசிறைச் சுரண்டிச் சுரண்டி, தேய்த்துத் தேய்த்து, கறுப்பிலிருந்து வெளிச்சத்தை வெளியே கொண்டுவருவது. எவ்வளவு வழுவழுப்போ அவ்வளவு வெள்ளை. கைதவறி அதிகமாகத் தேய்த்துவிட்டால் ரப்பர் வைத்து அழிக்க முடியாது. அந்த இடத்தை முதலிலிருந்து கொத்த வேண்டும்.

அக்கா பன்னிரண்டு நாள் கொத்தினாள். கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, மடியில் பலகை வைத்து, காலையில் ஒரு மணி நேரம். நான் கொத்தினால் எங்காவது கோடு கோடாகத் தெரியும். அவள் கொத்தியதில் ஒரு கோடு கிடையாது. பொறாமையாகக்கூட இருந்தது.

"இம்புட்டும் கொத்தினவ நான். எம் மூஞ்சியையே போடு. இப்ப இருக்கேம்லா, இப்படியே" என்றாள். "நோவு வந்ததுல இருந்து ஒருத்தனும் என்னைய போட்டோ எடுக்க மாட்டேங்கான். நான் இருந்த எடமே தெரியாமப் போயிரும் போல."

அது உண்மை. அத்தான் போனில்கூட ஒரு வருஷமாக அவள் படம் இல்லை. எடுத்தால் அவளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று எல்லோருமே நினைத்துக்கொண்டோம்.

அந்த சமயத்தில்தான் சீசன் தொடங்கியது. சாரல் விழுந்துவிட்டால் எங்கள் வீடுகளுக்கு எங்கிருந்தெல்லாமோ சொந்தக்காரர்கள் முளைப்பார்கள். குற்றாலத்தில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, கையில் மங்குஸ்தான் பழப் பையோடு அக்காவைப் பார்க்க வந்தார்கள். கட்டிலருகே நின்று, "இப்ப முகம் தெளிஞ்சிருக்கே!" என்று சொல்லி வைத்தார்கள். நோயாளியைப் பார்க்கப் போனால் எங்கள் பக்கம் சொல்கிற வார்த்தை அது. மூச்சு வாங்குகிறவரிடமும் சொல்வார்கள். சிவகிரிச் சித்தி ஒருபடி மேலே போய், "கலியாணத்துல பாத்த மாதிரியே இருக்கே, தாயி" என்றாள். அக்கா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அவர்கள் படியிறங்கியதும், "பொய் சொல்லுததுக்குன்னே பஸ் ஏறி வருதாவொ" என்றாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் போய் அவள் எதிரே உட்கார்ந்து சுரண்டினேன். அக்கா அசையாமல் இருப்பாள். நான் செம்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். நிமிர்ந்தால் ஒரு நொடி. அவ்வளவுதான் என்னால் முடிந்தது. முகத்தின் அளவு பார்த்துக்கொள்ள என்று நான்கைந்து வருஷத்துக்கு முந்தைய போட்டோ ஒன்றைப் பக்கத்தில் வைத்திருந்தேன். கண்ணுக்குக் கீழே கை போகும்போதெல்லாம், இந்தக் கறுப்பு கொஞ்சம் அதிகமோ என்று தோன்றும். தேய்ப்பேன். கன்னத்தில் பள்ளம் அதிகமோ? தேய்ப்பேன். அவளுக்குச் செய்ய என்னிடம் வேறு எதுவும் இல்லை. இந்த ஒரு இடத்திலாவது அவள் உடம்பு என் கைக்குக் கட்டுப்படட்டும் என்று தேய்த்தேன்.

ஒரு சனிக்கிழமை முதல் அச்சு எடுத்தேன். சாரலில் காகிதம் பதமாக நனைந்து மையை அழகாக வாங்கியிருந்தது. பெருமை தாங்கவில்லை. நியூஸ் பேப்பருக்குள் வைத்து எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா லெச்சணமா இருக்கா. யாருட்டி இவ?"

நான் நியூஸ் பேப்பரை நாலாக மடித்தேன்.

"சிவகிரிச் சித்தி வாயால சொன்னா. நீ செம்புல செதுக்கிக் கொண்டாந்துருக்கே. அவ்வளவுதான் வித்தியாசம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ராத்திரி பகல் பாராமல் உழைத்தது, விரலெல்லாம் காய்த்துப்போனது என்று என்னென்னவோ கத்தினேன். சாகக் கிடக்கிறவளிடம் கத்தினேன். நான் ஓயட்டும் என்று அவள் காத்திருந்துவிட்டு, கையை நீட்டினாள்.

"தகட்டையும் அந்தப் பிறைக்கத்தியையும் கொண்டா."

அன்றிலிருந்து அவள் தன் முகத்தைத் தானே கொத்தினாள். நான் வழுவழுப்பாக்கி வைத்திருந்த கன்னம், நெற்றி, கண்ணிமை எல்லாவற்றையும். இந்தத் தடவை கையில் பலம் இல்லை. நாலு தடவை ஆட்டினால் கண்ணை மூடி இளைப்பாறுவாள். அத்தான் பலகையைப் பிடித்துக்கொள்வார். இருபது நாளுக்கு மேல் ஆனது. முடித்தபோது தகட்டில் முகமே இல்லை, கழுத்துக்கு மேலே முழுக் கறுப்பு.

"இந்தா. இந்தத் தடவ என்னையப் பாத்துப் போடு" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். காலாண்டுப் பரீட்சை வருகிறது, பேப்பர் திருத்த வேண்டும், முடிந்ததும் தொடங்கிவிடலாம் என்றேன். ஓவியப் பரீட்சைக்குத் திருத்த என்ன பெரிய மலை இருக்கிறது? பயம். வேறொன்றுமில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. தினமும் போனேன், கஞ்சி கொண்டுபோனேன், ஊர்க்கதை பேசினேன், தகட்டைக் கொண்டுபோகவில்லை. பரீட்சை லீவு விட்ட அன்று காலையில் அக்கா போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் ஊருக்குப் போன பிறகு, பின்கட்டில் உட்கார்ந்து சுரண்டியைக் கையில் எடுத்தேன். அவள் கேட்ட ஒன்றை, பிந்தியாவது, செய்துவிட வேண்டும். எங்கே தொடங்குவது? கண்ணை மூடி அவள் முகத்தை நினைத்தால் நெற்றி தெரிந்தது. மூக்குத்தி தெரிந்தது. அதற்குக் கீழே பழைய போட்டோவின் கன்னம்தான் வந்து நின்றது. எவ்வளவு முயன்றாலும் அது மட்டும்தான் வந்தது. தகட்டில் ஒரு கீறல் போடாமல் சுரண்டியைக் கீழே வைத்தேன்.

மறுநாள் அத்தானிடம் போனேன். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அத்தான் அதிகம் பேசமாட்டார். முப்பது வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டதை ஒரு தாளில் எழுதிவிடலாம். அச்சில் இடதுவலது மாறிவிடும், அதனால் குழப்பமாக இருக்கிறது என்று ஒரு சாக்குச் சொல்லி, "அக்காவுக்கு எந்தக் கன்னம் ரொம்ப ஒட்டியிருந்துச்சு அத்தான்?" என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த துண்டை உதறி வாளியின் விளிம்பில் போட்டார். தன் முகத்திலேயே விரலை வைத்துக் காட்டினார்.

"இடது கன்னந்தான். அந்தப் பக்கமே ஒருக்களிச்சுக் கெடப்பால்லா. கண்ணுக்குக் கீழ வலதுலதான் கறுப்பு கூட. இந்தா, இம்புட்டு தூரம் எறங்கியிருக்கும். ஒதட்டோரத்துல இங்கன ஒரு வெடிப்பு. தண்ணி பட்டா எரியுதும்பா. துணிய நனைச்சு ஒத்தித்தான் எடுப்பேன்." கொஞ்சம் யோசித்து, "இந்தப் புருவத்துல முடி கொட்டிப்போச்சு. இது கொட்டல" என்றார்.

எழுதிக்கொள்ள நான் எதுவும் எடுத்துப் போகவில்லை. அவர் கையை இறக்கிவிட்டு, திட்டுகிற குரலே இல்லாமல், நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, நீ பாக்கலையா? தெனமும் வந்தியே."