பன்னிரண்டு பேருக்குப் பதின்மூன்று படிவம்

மனு எழுதித் தருகிறவர்கள் சரியாக எழுதியதை யாரும் நினைவில் வைப்பதில்லை; தப்பாக எழுதியதை ஒரு குடும்பமே நினைவில் வைத்திருக்கும். முகவரி எழுத வேண்டிய கட்டத்தில் பெயரை எழுதிவிட்டு விழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன்.

அருப்புக்கோட்டையில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டின் முன்னறையில் 1983 முதல் 1996 வரை உட்கார்ந்து, வெளிநாடு போகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ஆங்கில எழுத்தை அச்சுப்போல எழுத வரும். ஒவ்வொரு மனுவுக்கும் நோட்டில் வரிசை எண் போட்டேன். மொத்தம் 743. திரும்பி வந்தவை நான்கு. அந்த நான்கிலும் தப்பு என்னுடையது இல்லை என்பதற்கும் நோட்டில் குறிப்பு இருக்கிறது.

இங்கே சொல்லப்போவது 1988 கோடையில் எழுதிய பன்னிரண்டைப் பற்றி. வளைகுடா நாடொன்றில் கட்டட வேலை பார்த்த சவரிமுத்து மேஸ்திரி விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். நம் பக்கத்துக் கொத்தனார்கள் பன்னிரண்டு பேருக்கு, இரண்டு வருஷம் அங்கே தங்கி வேலை செய்ய அனுமதி வாங்கித் தருவதாகக் கம்பெனி அவரிடம் ஒப்புக்கொண்டிருந்தது. கொடுத்து அனுப்பியது பதின்மூன்று படிவம். ஒன்று உபரி. படிவத்தில் எண் அச்சடித்திருந்ததால் நகல் எடுத்து எழுத முடியாது. பன்னிரண்டையும் ஒரே கட்டாக இருபது நாளுக்குள் தபாலில் சேர்த்துவிட வேண்டும். ஒன்றில் குறை இருந்தாலும் கட்டு முழுவதும் திரும்பும். வேலை வேறு ஊர் ஆட்களுக்குப் போகும். அந்த வருஷம் இங்கே மழையும் இல்லை, கட்டட வேலையும் இல்லை. கம்பெனிக் கடிதத்தை மேஜையில் வைத்து மேஸ்திரி சொன்னார்: "தங்கச்சி, இது பன்னெண்டு மனு இல்ல, ஒரே மனு. எங்க கிழிஞ்சாலும் எல்லாருக்கும் கிழிஞ்சிரும்."

காணாமல் போன தழும்பு

முதலில் வந்தவர் மல்லாங்கிணறு கருப்பையா. இடது கன்னத்தில் காதிலிருந்து வாய் வரை ஒரு தழும்பு. சின்ன வயதில் மாடு முட்டியதாம். பாஸ்போர்ட்டில் அடையாளம் என்று அதைத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் அவர் கொண்டுவந்த ஆறு போட்டோவிலும் தழும்பைக் காணோம். கன்னம் மெழுகிவிட்டதுபோல இருந்தது; நிறமும் இரண்டு படி கூடியிருந்தது. எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர் படச்சுருளில் பென்சில் வைத்து 'டச்சப்' செய்வதில் கெட்டிக்காரர். பெண் வீட்டாருக்குக் காட்டும் படம் என்றால் சரி. இந்தப் படத்தோடு விமானத்தில் போய் இறங்கினால், படத்தில் இருக்கிறவர் ஊரிலேயே தங்கிவிட்டார் என்றல்லவா நினைப்பார்கள்?

கருப்பையா திரும்பிப் போய்க் கேட்கக் கூச்சப்பட்டார். எனக்கும் கூச்சம்தான். ஆனாலும் ஆறு படத்தையும் எடுத்துக்கொண்டு, கருப்பையாவையும் கூட்டிக்கொண்டு நானே போனேன். ஸ்டூடியோக்காரர் படத்தைப் பார்த்தார், கருப்பையாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "ஒரு ராத்திரி பூரா உக்காந்து அழிச்சிருக்கேன். ஊரே அழகா எடுக்கச் சொல்லுது, நீங்க ஒருத்தருதாம்மா உள்ளத எடுக்கச் சொல்றீக" என்றார்.

இரண்டாவது அடையாளம்

பாஸ்போர்ட்டுக்கு ஓர் அடையாளம் போதும். இந்தப் படிவத்துக்கு இரண்டு வேண்டும். ஐந்தாவதாக வந்த அந்தோணியிடம், "இன்னொரு மச்சம் எங்கே இருக்கு?" என்று தலையைத் தூக்காமல் கேட்டேன். மனிதர் வெளியே போய்ப் பத்து நிமிஷம் நின்றுவிட்டு உள்ளே வந்தார். "இருக்கு. ஆனா சொல்ற இடத்துல இல்ல" என்றார்.

மறுநாள் தன் மனைவியை அனுப்பி வைத்தார். அந்தப் பெண் என் காதோரம் குனிந்து, வலது முழங்காலுக்கு மேலே நான்கு விரற்கடை என்று அளந்தே சொன்னாள். எழுதினேன். அவள் போகவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "யக்கா, இன்னொண்ணும் இருக்கு. அத எழுதிராதீக, அங்க யாரு சோதிக்கிறதுன்னு அவுகளுக்குள்ள சண்டை வந்துரும்."

உபரி போனது

பெரியசாமி கட்டிய சுவர் என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் தூக்குக்குண்டு போட்டுப் பார்க்க மாட்டார்கள். ஆனால் பள்ளிக்கூடம் போனதில்லை. கைநாட்டு வைக்கலாம், படிவத்தில் அதற்கும் இடமுண்டு என்று சொன்னேன். கேட்கவில்லை. "வெளிநாட்டுக்குப் போறவன் கையெழுத்துப் போட்டுத்தான் போகணும்" என்று நான்கு நாள் சிலேட்டில் எழுதிப் பழகினார். ஐந்தாம் நாள் என் முன்னால் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டார். நான்கு எழுத்து கட்டத்துக்குள் நின்றது. ஐந்தாவது எழுத்து கட்டத்தைத் தாண்டி, பக்கத்திலிருந்த 'அலுவலக உபயோகத்துக்கு' என்ற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒன்பது மனு முடிந்திருந்த நேரம். உபரியாக இருந்த ஒரே படிவத்தை எடுத்தேன். மறுபடி எல்லாவற்றையும் எழுத இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் அவர் வெளியே போய் ஒரு மட்டப்பலகைத் துண்டோடு வந்தார். கோட்டுக்குக் கீழே பலகையை வைத்து, கல் அடுக்குவதுபோல எழுத்துகளை ஒன்றொன்றாக அதன்மேல் நிறுத்தினார். கையெழுத்து வேண்டிய மூன்று இடத்திலும் ஒரே மாதிரி விழுந்தது. படிவத்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சுவத்துல எனக்கு ஒரு நூலு தப்பாதுக்கா. கட்டத்த அளந்து பாக்காம எறங்கினதுதான் தப்பு."

ஐந்து மாதத்தில் ஒரு தம்பி

மிச்சம் இரண்டு. திருச்சுழிப் பக்கத்து அண்ணன் தம்பி, மூக்கையாவும் இருளப்பனும். அண்ணன் பிறந்தது 1960 ஜனவரி 2. தம்பி பிறந்தது 1960 ஜூன் 1. பள்ளிச் சான்றிதழிலும் அப்படி, பாஸ்போர்ட்டிலும் அப்படி. இரண்டு படிவத்திலும் தாய் பெயர் ஒன்று.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. அண்ணன் எட்டு வயது வரை ஆடு மேய்த்திருக்கிறார். தம்பியைச் சேர்க்கும்போதுதான் அவரையும் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்குத் தலைமை ஆசிரியரே ஒரு தேதி போடுவது வழக்கம் அல்லவா? சேர்கிற நாளிலிருந்து ஐந்து வருஷம் பின்னால் எண்ணுவார். இருவருக்கும் ஒரே தேதி போட்டால் இரட்டைப் பிள்ளை ஆகிவிடும் என்று, அண்ணனை மட்டும் ஐந்து மாதம் முன்னால் தள்ளியிருக்கிறார். அந்த யோசனையில், பிள்ளை பிறக்கப் பத்து மாதம் ஆகும் என்பதை மறந்துவிட்டார்.

உபரிப் படிவம் இல்லை. எட்டு நாள் இருந்தது. மற்ற பத்துப் பேரின் மனுவும் இந்த இரண்டில் தொங்கியது. மேஸ்திரி வழி சொன்னார்: "மூக்கையாவுக்குத் தாய் பேர மாத்திரு தங்கச்சி. மூத்த தாரத்து மகன்னு எழுதினா யாரு வந்து பாக்கப்போறான்?" மாட்டேன் என்றேன். எழுதியது பொய்யென்று ஒரு நாள் தெரிந்தால் பன்னிரண்டு பேரும் அந்நிய ஊரில் நிற்பார்கள். அதோடு, அந்தத் தாய் அங்கேயே வாசற்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் மேஸ்திரியைப் பார்த்துக் கேட்டார்: "ஆடு மேய்க்கப் போயி எம் மகன் படிப்ப விட்டான். இப்பப் பெத்தவளையும் விடணுமாக்கும்?"

பிறந்தநாள் கொடுத்தவர்

அந்தத் தலைமை ஆசிரியர் ஓய்வுபெற்றுப் பாலவனத்தத்தில் இருந்தார். முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிப் பழக்கமில்லாத நான், அந்த அம்மாவோடு பஸ் ஏறினேன். 'தேதிகள் என்னால் உத்தேசமாகப் போடப்பட்டவை' என்று ஒரு கடிதம் கேட்டோம். அவர் முகம் மாறிவிட்டது. "இருபத்தெட்டு வருஷத்துல நான் போட்ட தேதி எல்லாத்தையும் தோண்டினா என் பென்ஷன் என்னம்மா ஆகும்?" என்றார்.

எனக்கு முன்னால் அந்த அம்மா பேசினார். "அய்யா, இவனுகளப் பெத்த தேதி எனக்குத் தெரியாது. ஆனா ரெண்டுக்கும் நடுவுல மூணு சோளம் வெதச்சு அறுத்தேன். அது தெரியும்." ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, அழகான ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டார். அதைத் தரும்போது, "எத்தனையோ பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் குடுத்திருக்கேன்மா. ஒருத்தனும் அன்னைக்கு ஒரு மிட்டாய் கொண்டாந்து குடுத்ததில்ல" என்றார்.

நூற்று அறுபது கட்டம்

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் 'குறிப்பு' என்று நான்கு வரி இருந்தது. வரிக்கு நாற்பது கட்டம், ஆக நூற்று அறுபது. அதுவரை அதை நான் காலியாகவே விட்டு வந்திருந்தேன். தேதிகள் பள்ளியில் போடப்பட்டவை, அண்ணன் தம்பியைவிட மூன்று வயது மூத்தவர், தாய் ஒருவரே, ஆசிரியர் கடிதமும் தாயின் உறுதிமொழியும் இணைப்பில் என்று அதில் அடங்க வேண்டும். வெறும் தாளில் பதினொரு தடவை எழுதிப் பார்த்தேன். இடைவெளியோடு நூற்று ஐம்பத்து மூன்று எழுத்தில் வந்தது. எங்கள் டைப்பிங் மாஸ்டர் அகராதியைத் திறந்து வைத்துப் படித்தார். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. தாயின் உறுதிமொழிக்கு நோட்டரி வக்கீலிடம் முத்திரை வாங்கி, பத்தொன்பதாம் நாள் கட்டைத் தபாலில் சேர்த்தோம்.

மேஸ்திரி விடுமுறை முடிந்து போய்விட்டார். நாற்பத்தோரு நாள் கழித்து அவருடைய ஏர்மெயில் கடிதம் வந்தது. பன்னிரண்டு பேருக்கும் அனுமதி ஆகிவிட்டது. முத்திரை குத்திய அன்று கம்பெனி அவரையும் அனுமதி தரும் அரசு அலுவலகத்துக்கு அழைத்துப் போயிருக்கிறது. நரைத்த தாடி வைத்த அதிகாரி என் நான்கு வரியை இரண்டு தடவை படித்தாராம். ஏதோ கேட்கப்போகிறார் என்று மேஸ்திரி பதில் தேடிக்கொண்டிருந்தாராம். அதிகாரி சிரித்துவிட்டு அரபியில் பேச, உடனிருந்தவர் தமிழில் சொல்லியிருக்கிறார்: "இவங்களுக்காவது நடுவுல அஞ்சு மாசம் இருக்கு. எனக்கும் என் அண்ணனுக்கும் எங்க அரசாங்கம் ஒரே நாளைப் போட்டு வச்சிருக்கு."

விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி என்று இருக்கும் நான், பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதுபோல நூற்று ஐம்பத்து மூன்று எழுத்தைப் போட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு பேருக்கு இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.