ஓவசியர் குடித்த தேத்தண்ணி

குடியேற்றக் காணியில் நாங்கள் கட்டிய வீட்டைப் பார்த்து அனுமதி தர ஓவசியர் வந்தார். மடிப்புக் குலையாத சேட்டு. எதையும் தொடமாட்டார், குடை நுனியால்தான் குத்திக் காட்டுவார். என் மனைவி கொடுத்த தேத்தண்ணியை மட்டும் இரண்டு கையாலும் வாங்கி ஆறுதலாகக் குடித்தார். குடித்து முடித்ததும், அது கொதித்த குசினியையே குடையால் குத்தினார்.

"பிளானிலை குசினி வீட்டுக்குள்ளை. வெளியிலை கட்டினதை உடையுங்கோ."

"கிடுகுக் கூரை ஐயா. உள்ளுக்கை அடுப்பு மூட்டினால் வீடு எரிஞ்சிடும்," என்றாள் மனைவி.

"எரிஞ்சால் திரும்ப அனுமதி கேளுங்கோ."

ஆத்திரத்தோடு குசினியை உடைத்தேன்.

பிறகொருநாள் முள்ளியவளையில் அவருடைய வீட்டைக் கண்டேன். என்ன மனிதனோ! கல்வீடு, ஓட்டுக் கூரை. குசினி பின்வளவில் தனியாக நின்று புகைந்துகொண்டிருந்தது.