பெரியம்மா பீடி பிடித்த கதை

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட உட்காரும்போது போன். எங்கள் மட்டாஞ்சேரி வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கிற முதியோர் பராமரிப்பு இல்லத்திலிருந்து. பேசியவர் அங்கே நர்ஸாக இருக்கும் ஜின்ஸி.

"சேச்சி, ஒண்ணு இவிட வரெ வராமோ? போனில் பறயான் பற்றில்ல."

போனில் சொல்ல முடியாதாம். அங்கே இருப்பது என் பெரியம்மா. திருநெல்வேலியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். காக்கநாட்டில் ஐ.டி. வேலை பார்க்கும் மகன் வீட்டுக்கு வந்த இடத்தில் பாத்ரூமில் வழுக்கி, இடுப்பில் ஆபரேஷன். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். நடக்கப் பழகும்வரை இங்கே இருக்கட்டும், பக்கத்திலேயே நான் இருக்கிறேனே என்று ஏற்பாடு.

ஆனால் பெரியம்மா நடந்தால்தானே? காலைத் தரையில் வைக்கவே மாட்டேன் என்று அடம். இப்படியே படுத்துக்கிடந்தால் அப்புறம் எழுந்திருக்கவே முடியாது என்று டாக்டர் எச்சரித்துவிட்டார். அந்தக் கவலையில் எல்லோரும் இருக்கும்போதுதான் இந்த போன்.

போட்ட சாதத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். ஜின்ஸி என்னை வராந்தா மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார்.

என் பெரியம்மா ராத்திரியில் பீடி பிடிக்கிறாராம்.

யார்... பக்கத்து வீட்டு ஊதுபத்திப் புகைக்கே ஜன்னலைச் சாத்துகிற என் பெரியம்மாவா?

"அம்மச்சி தன்னெ சம்மதிச்சதாணு சேச்சி."

அவரே ஒப்புக்கொண்டாராம். அதுவும் கேட்கும்போதெல்லாம். ராத்திரியில்தான் ரொம்ப ஜாஸ்தி என்றாராம். தடயம் வேறு இருக்கிறது - தலையணைக்கு அடியில் ஒரு தீப்பெட்டி. பீடிதான் இன்னும் சிக்கவில்லை. ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிற இடம், இது தொடர்ந்தால் வேறு இல்லம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேனேஜர் சொல்லியனுப்பியிருக்கிறார்.

ஜின்ஸியையும் கூட்டிக்கொண்டு அறைக்குள் போனேன். எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவரிடம் இதை எப்படிக் கேட்பது? சுற்றி வளைத்துப் பார்த்தேன். முடியவில்லை. கேட்டுவிட்டேன்.

"பெரியம்மா... நீங்க பீடி குடிக்கிறீங்களாமே?"

கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையில் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு என்னை நிதானமாகப் பார்த்தார்.

"ஏட்டி, அடி பட்டது எனக்கு இடுப்புலதான. ஒனக்கு மண்டையிலயா?"

தீப்பெட்டியைத் திறந்தோம். உள்ளே நாலைந்து ஊக்கு, கொஞ்சம் கொண்டை ஊசி. ஆனால் ஜின்ஸி விடுவதாக இல்லை.

"பின்னெ அம்மச்சி எந்தினா அங்ஙனெ பறஞ்ஞது? வலி தாங்க முடியல, வலியில உறக்கம் வரல என்னு?"

"ஆமா, சொன்னேன். தெனமுந்தான் சொல்லுதேன். யாரு காதுல விழுது?"

வலி! அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையாளத்தில் வலி என்றால் இழுப்பது. பீடியை இழுப்பதும் வலிதான். நமக்கு வலிப்பதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை - வேதனை.

சரி, வேதனை உண்டா என்று கேட்கவே இல்லையா? கேட்காமல் என்ன... ஒவ்வொரு ஷிஃப்டிலும் கேட்டிருக்கிறார்கள். படுக்கை படுக்கையாகப் போய், வேதனை உண்டா, எங்கே, பத்துக்கு எவ்வளவு என்று கேட்டுக் குறிப்பது அவர்கள் தினசரி வேலை. பெரியம்மா ஒவ்வொரு தடவையும் பெருமையாகப் பதில் சொல்லியிருக்கிறார்.

"எனக்கு என்னம்மா வேதனை? மகன் தங்கம். மருமக அதுக்கும் மேல."

ஆகவே பூஜ்யம். பூஜ்யத்துக்கு யாராவது மாத்திரை கொடுப்பார்களா? தேவைப்பட்டால் கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிய மாத்திரை அலமாரியில் பத்திரமாகத் தூங்கியிருக்கிறது. பெரியம்மா தூங்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, தாங்க முடியாத வருத்தமும் வந்தது.

ஜின்ஸி தமிழ்ப் படம் ஒன்று விடாமல் பார்ப்பவர். பெரியம்மாவோ, தமிழைக் கொஞ்சம் குழைத்துப் பேசினால் மலையாளம் என்ற கட்சி. இரண்டு பேருக்குமே மற்றவர் பாஷை தெரியும் என்ற தைரியம். சுத்தமாகத் தெரியாமல் இருந்திருந்தால் கையைக் காலை ஆட்டியாவது கேட்டிருப்பார்கள். அரைகுறையாகத் தெரிந்ததுதான் வம்பாகிவிட்டது.

ஜின்ஸி பெரியம்மாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். பிறகு முதலிலிருந்து தொடங்கினார்.

"வலி பத்தில் எத்ர அம்மச்சி?"

பெரியம்மா யோசித்தார். எந்தப் பிள்ளைக்கும் லேசில் மார்க் போட்டுவிடாதவர். "நாலு போட்டுக்கோ" என்றார்.

ஜின்ஸி எழுதவில்லை. முதுகுக்குக் கை கொடுத்து மெதுவாக ஒரு பக்கமாகத் திருப்பினார். பெரியம்மா வாயைத் திறக்கவில்லை. ஆனால் புருவம் சுருங்கியது. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கையில் நரம்பு புடைத்தது. மூச்சு ஒரு கணம் நின்று வந்தது.

"வாயில் நாலு. முகத்து எட்டு" என்று ஜின்ஸி எட்டு எழுதினார்.

"எட்டா? நான் யாருக்கும் எட்டு போட்டதே இல்ல" என்று பெரியம்மா முணுமுணுத்தார். ஆனால் அழித்துத் திருத்தச் சொல்லவில்லை.

அன்றே மாத்திரை ஆரம்பமானது. வெள்ளிக்கிழமை நான் போனபோது வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறை வாசல்வரை வந்து நின்றார். "என்னட்டி முழிக்க, வழியை விடு" என்றார். நான் அழுதேவிட்டேன்.

பெரியம்மாவிடம் இனி யாரும் வேதனை என்று கேட்கக்கூடாது, வலி என்றுதான் கேட்க வேண்டும் - ஜின்ஸியின் உத்தரவு. மற்ற நர்ஸ்களுக்கும் சொல்லிச் சொல்லி அவருக்கே அது வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. நேற்று சாயங்காலம் எல்லோரும் ஹாலில் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மாவிடம் கேட்ட கையோடு, அடுத்த நாற்காலியில் இருந்த பெரியவரிடமும் "வலியுண்டோ?" என்று கேட்டுவிட்டார் ஜின்ஸி. அந்தப் பெரியவர் வைப்பின் தீவில் மீன்பிடி போட் ஓட்டியவர், அசல் மலையாளி. பிள்ளைகள் மிரட்டி பீடியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பெரியவர் இடமும் வலமும் பார்த்தார். ஜின்ஸியின் காதருகே குனிந்தார்.

"கையில் உண்டெங்கில் ஒரெண்ணம் தா மோளே. ஞான் ஆரோடும் பறயில்ல."