கிழக்கே தலை வைத்துச் சாகும் வேடம்

மாரடைப்பு வந்து தப்பியவனுக்கு வீட்டில் மரியாதை அதிகம், சுதந்திரம் குறைவு. மெல்பேர்னின் ரோவிலில் எங்கள் வீட்டுக் குசினியில், தேத்தண்ணிக் கோப்பையோடு நான் விழுந்தது எனக்கு நினைவில்லை. அம்புலன்ஸ் வரும்வரை, தொலைபேசியில் யாரோ ஒருவர் சொல்லச் சொல்ல, என் மனைவி என் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்ததும் நினைவில்லை. அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது. அதுதான் பிரச்சினை.

வீடு திரும்பிய பிறகு அரிசி மூட்டையைத் தொட விடமாட்டாள். குப்பைத் தொட்டியை வாசலுக்கு உருட்ட விடமாட்டாள். கதிரையிலிருந்து அசைந்தால் போதும், "இருங்கோ, எழும்பாதேங்கோ" என்று குசினியிலிருந்து குரல் வரும். டாக்டர் நட என்றார், வேலைக்குப் போ என்றார், நானும் போனேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். என் ஏப்பம்கூட அவளுக்குப் பேயாகத் தெரிந்தது. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அவள் என்னைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டாள் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் நடையை, என் சமையலை, என் ஆங்கிலத்தை நையாண்டி செய்தே என்னை வளர்த்தவள். இப்போது என் முன்னால் கோயிலுக்குள் நிற்பவளைப் போல நின்றாள். எனக்கு அந்த மரியாதை வேண்டாம், பழைய மனைவிதான் வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் இங்கிலாந்தில் ஒரு குக்கிராமத்தில் பிறந்து, மெல்பேர்னில் குழாய் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தன் கிராமத்தைப் பற்றிச் சிரிப்புக் கதைகள் எழுதிப் படியெடுத்து, எங்கள் தெருவின் தபால் பெட்டிகளில் போடுவது அவர் வழக்கம். அறுவடைப் பூசைக்கு அலங்கரித்த தேவாலயத்துக்குள் ஆடு புகுந்து காணிக்கைகளைத் தின்ற கதை. பெரிய பூசணிக்காய்ப் போட்டியில் ஒருவர் மற்றவருடைய காயை வேவு பார்க்கப் போய்ச் சாணிக் குழியில் விழுந்த கதை. அவர்கள் பூசணிக்காய்க்குப் பரிசு கொடுக்கிறார்கள், நாங்கள் கண்ணூறு கழிக்க அதைத் தெருவில் போட்டு உடைக்கிறோம், மற்றபடி மனிதர்கள் ஒரே இனம்தான். முன்பெல்லாம் இந்தக் கதைகளை மனைவிக்குத் தமிழில் சொல்லுவேன், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். இப்போது கதை முடிந்ததும் மாத்திரை போட்டாச்சோ என்று கேட்டாள்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு அவர் தெருக்காரர்களைச் சேர்த்து ஒரு கூத்துப் போடப் புறப்பட்டார். அவருடைய ஊரில் கிறிஸ்துமஸ் காலத்தில் வீடு வீடாகப் போய் ஆடுகிற கூத்தாம். ஒரு வீரன் வருவான், தற்பெருமை பேசுவான். எதிராளி வருவான், அவனும் பேசுவான். மரவாள் சண்டை நடக்கும், ஒருவன் செத்து விழுவான். ஊரே வைத்தியரைத் தேடும். போலி வைத்தியர் ஆடி அசைந்து வந்து, அளந்து தள்ளிவிட்டு, வாயில் ஒரு சொட்டு மருந்து விட்டதும் செத்தவன் எழுந்துவிடுவான். வைத்தியர் வேடம் தனக்கு என்று அவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார். சாகிற வேடத்துக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார். தெருவில் அனுபவம் உள்ள ஆள் நீ ஒருவன்தானே என்றார். அந்த வருடத்தில் என்னை ஒரு மனிதனாக நடத்தியவர் அவர் ஒருவர்தான். உடனே சம்மதித்துவிட்டேன்.

மனைவியிடம் சொன்னபோது அவள் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது.

"உங்களுக்கு விசரே? ஒருக்காச் செத்தது காணாதே?"

 பிறகு கிளென் வேவர்லியில் இருக்கும் அன்ரிக்குத் தொலைபேசி போனது. நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் எங்கள் குடும்பத்தின் உயர் நீதிமன்றம் அவர்தான். நீண்ட விசாரணைக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. உயிரோடு இருப்பவன் வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது. செத்தவனைத் தெற்கே தலை வைத்துத்தான் கிடத்துவார்கள். நானோ உயிரோடு சாகப் போகிறவன், ஆகவே இரண்டும் ஆகாது. மேற்கில் அன்ரிக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்ததால், கிழக்கே தலை வைத்துச் செத்தால் தோஷமில்லை என்று முடிவாயிற்று. இது பூமியின் கீழ்ப்பாதி, இங்கே திசைகள் மாறாதா என்று போனின் ஒலிபெருக்கியில் நான் குறுக்கே கேட்டேன். எமனுக்கு எந்தப் பக்கத்தாலும் வழி தெரியும் என்று அன்ரி சொல்லிப் போனை வைத்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார் என்று பயந்துகொண்டுதான் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு முள்மரத்தின் பூவை வீட்டுக்குள் கொண்டு வந்தால் சாவு வரும் என்று தன் தாய் கடைசிவரை அதை வாசலோடு நிறுத்தியதைச் சொன்னார். ஒத்திகை நடந்த மண்டபத்தில் பியானோ இருந்த பக்கம் கிழக்கு. நான் பியானோப் பக்கம் தலை வைத்துச் செத்துப் பழகினேன்.

கூத்தன்று மண்டபத்தின் ஏசி வேலை செய்யவில்லை. எல்லோரும் பக்கத்துப் பூங்காவுக்குப் போனோம். பியானோவுக்குப் பதிலாகப் பார்பிக்யூ அடுப்பு கிழக்கு என்று குறித்துக்கொண்டேன். பனிக்காலத்துக்கென்று பிறந்த கூத்து அது. உடம்பு முழுக்கக் கடதாசிக் கீற்றுகள் தைத்த கம்பளிக் கோட்டு, முகத்தை மறைக்கும் கீற்றுத் தொப்பி, வெளியே மெல்பேர்னின் டிசம்பர் கோடை வெயில். மனைவி வந்திருந்தாள். இரண்டு மடக்குக் கதிரை, தண்ணீர், என் மாத்திரைப் பெட்டி, திசைகாட்டி திறந்த போன். கூத்துப் பார்க்க வரவில்லை, காவலுக்கு வந்திருந்தாள்.

சண்டை நன்றாகத்தான் போனது. என்னோடு மோதியவர் பல்வைத்தியர், அவருக்கு உற்சாகம் ஏறிவிட்டது. சுற்றிச் சுற்றி விரட்டினார். வியர்வையில் கடதாசிக் கீற்றுகள் கண்ணில் ஒட்டிக்கொண்டன. அடுப்பு எங்கே என்று தெரியவில்லை. வாள் விலாவில் பட்டதும், விழ வேண்டிய நேரம், விழுந்துவிட்டேன்.

கூட்டம் வைத்தியரைக் கூப்பிட்டது. அவர் உடனே வர மாட்டார், தாமதிப்பதுதான் அந்தக் கூத்தின் பெரிய பகிடி. புல்லில் அசையாமல் கிடந்தேன். ஓர் எறும்பு கழுத்தில் ஏறியது. அப்போது எனக்குத் தெரிந்த செருப்புச் சத்தம் ஒன்று விறுவிறு என்று நெருங்கியது. இரண்டு கைகள் என் கணுக்கால்களைப் பிடித்தன.

"தலை தெற்கை கிடக்குது," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். பிறகு என்னைப் புல்லில் இழுத்துத் திருப்பத் தொடங்கினாள். அரிசி மூட்டையைத் தூக்க விடாதவள் என்னையே மூட்டைபோல இழுத்தாள். பூங்கா வெடித்துச் சிரித்தது. இதுவும் கூத்தில் உள்ளது என்று நினைத்துவிட்டார்கள். என் தலை அடுப்பைப் பார்த்து வந்ததும்தான் விட்டாள்.

அதற்குள் வைத்தியர் விளக்குமாற்றுக் குதிரையில் வந்து சேர்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றி அவளுக்குத் தாழ்ந்து வணங்கினார். தன்னைவிடப் பெரிய வைத்தியர் முன்னமே வந்துவிட்டார் என்று எதுகை போட்டுச் சொல்லி, மருந்துப் போத்தலை அவள் கையில் கொடுத்தார்.

அப்போதுதான் எல்லோரும் தன்னைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. கீற்றுகளின் இடுக்கால் அவள் முகத்தைப் பார்த்தேன். அது கோணிக்கொண்டு போனது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். இந்த விளையாட்டே வேண்டாம் என்று எழுந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்றிருந்தது. அவள் என் பக்கத்தில் முழங்காலிட்டாள். குசினித் தரையிலும் இப்படித்தான் இருந்திருப்பாள். போத்தலைச் சரித்தாள். உள்ளே இருந்தது இஞ்சிச் சோடா, பாதி என் மூக்கில் போனது. பிணம் தும்மியது. அவள் சிரித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, பழைய சிரிப்பு.

"எழும்புங்கோ," என்றாள்.

அன்று என் நெஞ்சை அழுத்திக்கொண்டு அந்த ஒரு சொல்லைத்தான் கத்திக்கொண்டிருந்தாளாம். அதை ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் வாயில் அந்தச் சொல் வரவில்லை, எழும்பாதேங்கோ மட்டும்தான். அன்று எனக்குக் கேட்கவில்லை, இன்று கேட்டது. எழுந்தேன். கூட்டம் கைதட்டியது. அவள் என் கோட்டில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டாள்.

எல்லாம் முடிந்து காருக்கு நடந்தோம். வழக்கம்போல நான் கையை வீசிக்கொண்டு முன்னால் போனேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள். மடக்குக் கதிரைகள் இரண்டையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"இந்தாங்கோ, பிடியுங்கோ. செத்து எழும்பின ஆளுக்கு இதொரு பாரமே?"

உண்மையில் பாரமாகத்தான் இருந்தது. நான் சொல்லவில்லை.