தியாகலிங்கத்தின் இரவல் நாக்கு

“எல்லாம் என்ர கையில கிடக்கு. நாக்கை மட்டும் அவங்கள் பூட்டி வச்சிருக்கிறாங்கள்.”

மவுண்ட் ரோஸ்கில் பக்கம் தியாகலிங்கத்தைத் தெரிந்த எவரும் இந்தப் புலம்பலுக்குத் தப்பியதில்லை. பிறந்தநாள் வீடு என்றால் கத்தி கேக்கில் இறங்குமுன் சொல்வார். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் தமிழ் முகமாகத் தெரிந்தால் போதும், சொல்வார். தெருமுனையில் ‘டெயரி’ என்ற சில்லறைக் கடை வைத்திருப்பவர் குஜராத்தி, அவருக்கும் சொல்வார். மனுஷன் ஒன்றும் விளங்காமல் தலையாட்டிவிட்டு, பால் போத்தலையும் மிச்சக் காசையும் நீட்டுவார்.

சொல்வார் என்பதே ஒரு பேச்சுக்குத்தான். தியாகலிங்கம் மடிக்கணினியில் தட்டுவார், அது சொல்லும். கொஞ்சக் காலம் தமிழ் படித்துவிட்டுப் பிரசங்கத்துக்கு ஏறிய வெள்ளைக்காரப் பாதிரியார் மாதிரிச் சொல்லும். ழகரமும் ளகரமும் தகரமும் அதற்கு வராது. வாழைப்பழம் வாலைப்பலமாகும், ரதிதேவி ரட்டிடேவியாவாள். ஆக, பூட்டிக் கிடந்த நாக்கே தன்னைப் பூட்டிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் முறையிட்டுக்கொண்டு திரிந்தது.

அவர் மனைவி ரதிதேவிக்கு லின்ஃபீல்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. களைத்து வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து அந்தப் புலம்பல் தொடங்கிவிடும். அவளும் அதே பாதிரியார் குரலில் மிச்சத்தைச் சொல்லி முடித்துக்கொண்டே குசினிக்குள் போவாள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு தொண்டையில் புற்றுநோய் என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதுவரை அந்த வீட்டில் கடைசி வார்த்தையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கறியில் உப்புக் குறைவென்று தொடங்கும் சண்டை, அவளுடைய தமையனின் மொட்டைத் தலையில் போய் முடியும், முடித்துவைப்பவர் அவர்தான். குரல் போன பிறகு ஒரு சின்னப் பலகையில் பதிலை எழுதி நீட்டினார். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து வாசிப்பதற்குள் சண்டை ஆறிப்போகும்.

கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். கதிர்வீச்சில் இறுகிப்போன கழுத்தில் அது தேனீ மாதிரி இரைந்ததோடு சரி. பேசும் பெட்டி ஒன்றும் கொண்டுவந்து காட்டினார்கள். அருமையான குரல், ஆனால் ஆங்கிலம் மட்டும்.

“இங்கிலீசில ஏச்சு வாங்கிறதெண்டா நான் வேலையிலயே வாங்கிக்கொள்ளுவன்” என்று ரதிதேவி அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

தியாகலிங்கம் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் புரோகிராம் எழுதியவர். லினக்ஸில் தானே ஒன்றை எழுதத் தொடங்கினார். தமிழில் தட்டியதை அது ஒலிகளாகப் பிரிக்கும். எங்கே நீட்டுவது, எங்கே நிறுத்துவது என்று கணக்குப் போடும். எழுதியதை ஒரு வரி மறைக்காமல் இணையத்தில் போட்டார். யாரும் எடுக்கலாம், திருத்தலாம். ஆனால் அந்த ஒலிகளை வாங்கி வாய்விட்டுச் சொல்லும் அடித்துண்டு அவருடையதல்ல. அமெரிக்கக் கம்பெனி ஒன்று ஆங்கிலத்துக்காகச் செய்து, சும்மா பாவித்துப் பார்க்கச் சொல்லி விட்டிருந்த கோப்பு அது. ஓட்டலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியாது. அதற்கு ஒரு கெடுவும் இருந்தது: தொண்ணூற்றொன்பது டிசம்பர் முப்பத்தொன்று.

கூட வேலை செய்த கோயம்புத்தூர்ப் பையன் பழனிசாமி அன்றைக்கே சொன்னான், அந்தத் துண்டையும் நாமே எழுதிவிடலாம் என்று. அதற்கு வருஷக்கணக்காகும். தியாகலிங்கத்துக்கு எங்கே பொறுமை? மாதக்கணக்காகச் சேர்த்துவைத்த பதில்கள் அவரிடம் இருந்தன. இயந்திரம் முதன்முதல் வாய் திறந்தபோது அவர் சொல்லவைத்தது, “கறியில உப்பில்லை.” ரதிதேவி அடுப்பை நிறுத்திவிட்டு அழுதாள். பிறகு உப்புப் போத்தலைக் கொண்டுவந்து அவர் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

டொரொன்டோவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் திருத்தங்கள் அனுப்பினார்கள். வாய் பேச முடியாத யார் யாரோ வீடுகளில் அது பேசத் தொடங்கியது. எல்லாருக்கும் ழகரம் வேண்டியிருந்தது. ழகரமோ பூட்டுக்குள் இருந்தது. தியாகலிங்கம் கம்பெனிக்கு எழுதினார். அதற்குள் அந்தக் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியிருந்தது. அந்தப் பொருளைத் தாங்கள் இப்போது விற்பதில்லை, விற்காத பொருளுக்குக் கெடு நீட்டும் வழக்கமுமில்லை என்று புதியவர்கள் வெகு மரியாதையாகப் பதில் போட்டார்கள். திறந்து காட்டச் சொன்னதற்குப் பதிலே இல்லை.

“கம்ப்யூட்டர் கடிகாரத்த ஒரு வருஷம் பின்னாடி தள்ளிட்டா என்ன சார்? அதுக்கு என்ன தெரியப்போகுது?” என்றான் பழனிசாமி.

அதற்குத் தெரிந்திருந்தது. அவன் தன் கணினியில் தள்ளிப் பார்த்தபோது, ஏமாற்றுகிறான் என்று கண்டுகொண்டு கோப்பு இறுகப் பூட்டிக்கொண்டது. சரியான தேதிக்குத் திருப்பியும் திறக்கவில்லை. புதிதாக ஏற்ற அந்தப் பழைய கம்பெனி தரும் இலக்கம் வேண்டும். தரத்தான் ஆள் இல்லை.

மிஞ்சியது ஒரே வழி. யாராவது ஒருவருடைய குரலைத் துண்டு துண்டாகப் பதிந்து ஒட்ட வேண்டும். தியாகலிங்கத்தின் பழைய குரல் எதிலும் இல்லை. கலியாண வீடியோவில் தவில்தான் கேட்டது. பழனிசாமியின் குரல் சரிவராது. யாழ்ப்பாணத்துச் சண்டையைக் கோயம்புத்தூர் மரியாதையில் பிடிக்க முடியுமா? பக்கத்து வீட்டுச் சதாசிவம் தன் குரலைத் தர ஓடிவந்தார்.

“சதாசிவத்தாற்ற குரல் என்ர குசினிக்குள்ள நிண்டு ‘இஞ்சாரும்’ எண்டு புருஷன் மாதிரிக் கூப்பிட, நான் என்னெண்டு கேக்கிறதோ?” என்றாள் ரதிதேவி.

கடைசியில் அவளே பதிந்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க, சலவை அறையில், சத்தம் வராமல் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு க, கா, கி, கீ. பழனிசாமி வெட்டினான், தியாகலிங்கம் ஒட்டினார். ழகரம் அச்சொட்டாக வந்தது. எங்கும் ஒரு பூட்டில்லை. டொரொன்டோக்காரர்கள் உடனே எடுத்துக்கொண்டார்கள்.

பரீட்சைக்காகப் பழனிசாமி “கறியில உப்பில்லை” என்று தட்டினான். தன் குரலே தன் கறியைப் பழிப்பதைக் கேட்டு ரதிதேவி விழுந்து விழுந்து சிரித்தாள். தியாகலிங்கம் சிரிக்கவில்லை. தன்னுடைய கணினியில் மட்டும் அவர் அதை ஏற்றவே இல்லை. கேட்டால், பிறகு பார்ப்போம் என்று பாதிரியார் சொல்லுவார்.

டிசம்பர் முப்பத்தொன்று வந்தது. இரண்டாயிரம் பிறந்ததும் கணினிகளெல்லாம் நின்றுவிடுமாம் என்று ஊர் தண்ணீர்ப் போத்தல் வாங்கி அடுக்கியது. பூமியின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறோம், உலகத்திலேயே முதல் புது வருஷம் நமக்குத்தான் என்று டிவியில் ஒரே பெருமை. டொரொன்டோக்காரர்கள் புதுக் குரலில் பேசிக்கொண்டிருக்க, முதலில் வாய் மூடப்போகிறவர் தியாகலிங்கம்தான். வெயில் இன்னும் வேலிமேல் கிடந்தது. ரதிதேவி தேநீரை வைத்துவிட்டு, தன் குரல் இருந்த சீடியை அவர் முன் வைத்தாள்.

“இஞ்சாருங்கோ, ஏத்துங்கோவன். நாளைக்கு நான் ஏசினா என்னத்தால பதில் சொல்லப்போறியள்? என்ர குரலில அப்பிடி என்ன குறை?”

தேநீருக்கு வந்திருந்த பழனிசாமி எழுந்து யன்னல் பக்கம் போய்விட்டான். அந்த வீட்டில் அன்றைக்குப் பிறகு பதில் என்று ஒன்று கேட்டதில்லை; பலகையையும் அவர் கையில் எடுக்கவில்லை. இன்றைக்கும் அவள் ஏசிவிட்டு, பழக்கதோஷத்தில் பதிலுக்காகக் கொஞ்சம் நின்று பார்ப்பாள். அன்றைக்கு மட்டும் நின்றதற்குப் பலன் இருந்தது. அவர் வெகு நேரம் தட்டினார். பாதிரியார் கடைசித் தடவையாக வாய் திறந்தார்:

“குறை ஒண்டும் இல்லை. உம்மட குரலில நான் பதில் சொன்னா, சண்டையில ரெண்டு பக்கமும் நீர்தான் நிப்பீர். பிறகு இந்த வீட்டில நான் எங்க இருக்கிறது? நாளையில இருந்து நீரே வெல்லும். கறியில மட்டும் உப்பைப் பாத்துப் போடும்.”